கூட்டிப்போக ஆள் வரவில்லை

18 நவம்பர், செவ்வாய்

வெட்கம்தான். ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

காலையில் கடை வாசலில் ஒரு மோட்டார்சைக்கிள் வந்து நின்றது. சத்தம் அப்படியே மின்ஹாஜின் சைக்கிள் சத்தம். பாயை உதறிப்போட்டு எழும்பி, முகம் கழுவி, இஸ்திரி போட்ட சேர்ட்டை மாட்டி, அத்தர் பூசி, பையைத் தோளில் கொழுவிக்கொண்டு, போக மனமே இல்லாதவன் மாதிரி முகத்தை வைத்துக் கதவைத் திறந்தேன்.

மீன்காரன்.

"எங்க காக்கா பயணம்?" என்று தம்பி முறையில் கேட்டான். பையைக் காயப் போடப் போகிறேன் என்றேன். மழை தூறிக்கொண்டிருந்தது. அவன் வானத்தைப் பார்த்தான், பையைப் பார்த்தான், பிறகு சூடை மீன் வேணுமா என்று கேட்டான். அவன் வாயை மூட கால் கிலோ வாங்கினேன். என்னிடம் அடுப்பு இல்லை. மீனைப் பக்கத்துக் கடை ஒஸ்வல்ட்டிடம் கொடுத்துவிட்டு, மத்தியானம் அங்கேயே போய்ச் சாப்பிட்டேன்.

ஒஸ்வல்ட் தையல்காரன், பறங்கி ஆள். கடைக்குப் பின்னாலேயே வீடு, மனைவி பிலிஸ். "யாரப்பா அந்த மின்ஹாஜ், ஏன் அவனுக்குக் காத்துக்கொண்டிருக்கிறாய்" என்று கேட்டான். என் மனைவியின் தம்பி என்றேன். எங்கள் காத்தான்குடியில் வீடு பெண்ணுடையது. புருசன் பெண்சாதிக்குச் சண்டை வந்தால் பையைத் தூக்குகிறவன் புருசன்தான். போனவன் தானாகத் திரும்பி வரக்கூடாது. ரெண்டு மூன்று நாளில் பெண்ணின் தம்பியோ வாப்பாவோ வந்து, "சரி, வாங்க மச்சான், சோறு ஆறுது" என்று கூப்பிட வேண்டும். இவன் ரெண்டு தரம் மறுக்க வேண்டும். மூன்றாம் தரம் சைக்கிளில் ஏற வேண்டும். இதையெல்லாம் விளக்கிச் சொன்னேன்.

"எத்தனை நாளாச்சு?" என்றான் ஒஸ்வல்ட்.

போன மாதம் வந்தவன் என்றேன். அவன் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தான்.

20 நவம்பர், வியாழன்

இந்த டயறி ஒரு நகைக்கடைக்காரர் தந்தது. அஞ்சாம் வகுப்போடு நின்றவனுக்கு டயறி எதற்கு? ஆடுகிற மேசைக்காலுக்கு அண்டை கொடுத்து வைத்திருந்தேன். இப்போது மேசை ஆடுகிறது, நான் எழுதுகிறேன். காரணம் ஒன்றுதான். பகிடி விட்டுச் சிரிக்க ஆளில்லை. குடை திருத்தவும் பைகளுக்கு ஸிப் தைக்கவும் வருகிறவர்களிடம் எவ்வளவுதான் விடுவது? அவர்கள் நனைந்து வருகிறவர்கள்.

நடந்ததை எழுதினால் என் பக்கம் சரி என்று விளங்கும்.

மகள் சப்னாவைப் பேசி மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். கலகலப்பாக இருக்கட்டும் என்று ஒரு பகிடி விட்டேன். நல்ல பகிடி. இப்போதும் சொல்கிறேன், நல்ல பகிடிதான். என் மனைவி ஸாதியா குவைத்தில் ஆறு வருசம் வீட்டு வேலை செய்தவள். திரும்பி வந்து கனகாலம். ஆனாலும் விடியப்புறம் போன் அடித்தால், கண் திறக்க முதல் எழும்பி நின்று "எஸ் மேடம்" என்பாள். ஒரு நாள் ரோட்டில் பாண் விற்கிறவனின் ஓட்டோப் பாட்டுக்கும் சொன்னாள். இதைத் தலையில் துவாய் போட்டு நடித்துக் காட்டினேன். மாப்பிள்ளையின் உம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள்.

ஸாதியா தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்றாள். வந்து எல்லாருக்கும் கொடுத்தாள். என்னிடம் வரும்போது தட்டில் கோப்பை இல்லை.

அவர்கள் போன பிறகு, ஒரு பகிடிக்கு இவ்வளவு மூஞ்சியா என்று கேட்டேன். அவள் சத்தம் போடவில்லை.

"இது நான் எஸ் மேடம் சொல்லிக் கட்டின வீடு. பகிடி விட வேற இடம் பாருங்க."

பார்த்தேன். மட்டக்களப்பு டவுனில் என் கடை. ஒரு கதவு, ஒரு பாய், ஊரார் குடைகள்.

23 நவம்பர், ஞாயிறு

மழை விடவில்லை.

சப்னாவின் கலியாண உடுப்புக்கு மணி வைத்துத் தைக்கிறது பிலிஸ்தான். அதனால் ஸாதியா பிலிஸுக்கு அடிக்கடி போன் எடுக்கிறாள். இன்றும் எடுத்தாளாம். என்ன கதைத்தீர்கள் என்று சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டேன்.

"கை நீளம் கேட்டா. கழுத்தகலம் கேட்டா. உங்களைக் கேக்கல்ல" என்றாள் பிலிஸ்.

இவளும் பகிடிக்காரிதான். ஆனால் நல்ல பகிடி இல்லை.

26 நவம்பர், புதன்

வாவி ரோட்டுக்கு ஏறிவிட்டது. முகத்துவாரத்து மணல் திட்டை வெட்டிவிட்டால் தண்ணீர் கடலுக்கு வடிந்துவிடும் என்று கடைக்கு வருகிற எல்லாரும் சொல்கிறார்கள். எல்லாரும் தாங்களே மண்வெட்டியோடு போகப் போகிற மாதிரிப் பேசுகிறார்கள். பிறகு குடையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

வியாபாரம் நன்றாக இருக்கிறது. டவுனில் உள்ள எல்லாக் குடையையும் நான் திருத்திவிட்டேன் போல. பின்னேரம் பாண் வாங்கப் போகப் பார்த்தால் எனக்கென்று ஒரு குடை இல்லை. நனைந்துகொண்டு போனேன். பாண் முடிந்துவிட்டது.

27 நவம்பர், வியாழன்

இன்று மின்ஹாஜ் வந்தான்.

உழவு இயந்திரத்தில் வந்தான், பின்னால் இழுவைப் பெட்டியும் பூட்டி. வெள்ளத்துக்குள் மோட்டார்சைக்கிள் ஓடாதுதானே. என்னை அழைக்க உழவு இயந்திரமா என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பையை எடுக்கவில்லை. ரெண்டு தரம் மறுக்க வேண்டுமே. ஸ்டூலில் இருந்து ஒரு குடைக்கம்பியை வளைத்துக்கொண்டிருந்தேன், ஏற்கெனவே நேராக இருந்த கம்பி.

அவன் என் கடையைத் தாண்டிப் போய் ஒஸ்வல்ட்டின் கதவைத் தட்டினான்.

ஒஸ்வல்ட் வீட்டுக் குசினி அடுப்படிக்குள் காலையிலேயே தண்ணீர். ஸாதியா பிலிஸுக்குப் போன் எடுத்து, எங்கட வளவு மேடு, ரெண்டு பேரும் உடுப்புகளை எடுத்துக்கொண்டு வாங்க, தம்பியை அனுப்புறன் என்று சொல்லியிருக்கிறாள். தையல் மெசின் ஏறியது, மணி வைத்த உடுப்பு பொலித்தீனில் சுற்றி ஏறியது, பிலிஸ் ஏறினாள், ஒஸ்வல்ட் ஏறினான்.

மின்ஹாஜ் என்னிடம் வந்தான். செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"மச்சான், உங்களைப் பத்தி ஸாதியா ராத்தா ஒண்டும் சொல்லல்ல."

"நான் கேட்டனா?"

"இல்ல. ஏறுறெண்டா ஏறுங்க. ஆனா நான் கூட்டி வந்தண்டு சொல்லேலா."

எனக்குக் கடை இருக்கிறது, பொறுப்பு இருக்கிறது, ஊரார் குடை இருக்கிறது, நான் எங்கும் வருவதாக இல்லை என்று சொன்னேன். ஒரு தரம்தான் மறுத்தேன். அவன் ரெண்டாம் தரம் கேட்கவில்லை. பெட்டிக்குள் இருந்து ஒஸ்வல்ட் கை காட்டினான். என் பெண்சாதி வீட்டுக்கு அவன் போகிறான், நான் வழியனுப்புகிறேன்.

28 நவம்பர், வெள்ளி

கடைக்குள் முழங்கால் தண்ணீர். கறண்ட் இல்லை. போன் செத்துவிட்டது. டயறியைச் சொப்பிங் பேக்கில் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டேன்.

இவ்வளவு தண்ணீருக்குள் குடிக்க ஒரு சொட்டு இல்லை. குடைக்காரன் மூளையைப் பாவித்தேன். ஒரு குடையைக் கவிழ்த்து வெளியே கட்டி மழைத் தண்ணீர் பிடித்தேன். நன்றாக நிறைந்தது. கோப்பையில் ஊற்றிப் பார்த்தால் நீலம். சாயத்துணி. அதைக் குடிக்கவில்லை. கொஞ்சம் குடித்தேன்.

இனி இங்கே இருக்கேலாது. யாரிடம் போவது? உம்மாவின் வீடு தங்கச்சிக்குப் போய்விட்டது, அவள் மருமகனுக்கும் சம்மந்திக்கும் நடுவில் நான் போய்ப் படுக்க முடியாது. ஐம்பத்து நாலு வயசு. எனக்கென்று ஒரு கூரை ஊரில் இல்லை என்பது இன்றுதான் எண்ணத்தில் வந்தது. மற்ற நாளில் இதையும் பகிடியாகத்தான் சொல்லியிருப்பேன்.

ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம் என்றார்கள். நெஞ்சளவு தண்ணீர் நின்ற இடங்களில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

பதிகிற இடத்தில் கிராம சேவகர் நல்ல மனிசன், களைத்துப்போயிருந்தார். வீடு எங்கே என்றார். காத்தான்குடி. வீட்டுக்குள் தண்ணீரா? இல்லை, மேட்டு வளவு. குடும்பம் எங்கே? அங்கேதான். அவர் பேனையை வைத்துவிட்டார்.

"பிறகு நீங்க ஏன் இங்க?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். என்ன சொல்வது? மச்சினன் வரவில்லை என்றா?

எங்கள் பகுதி ஆட்களுக்குத்தான் சாப்பாட்டுச் சாமான் கணக்காக வந்திருக்கிறது, உங்கள் குடும்பத்துக்கு உரியது உங்கள் ஊரில் போகும் என்றார். பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள். ஒதுங்கி நின்றேன். சமையலைப் பார்க்கிற ஒரு ரீச்சர், வதனி மிஸ், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். கிட்ட வந்து, அண்ணன் முறையில் என்னை நானா என்று கூப்பிட்டுச் சொன்னார்:

"பெயர் இல்லாட்டியும் வயிறு இருக்குதானே நானா. எல்லாரும் சாப்பிட்ட புறகு மிஞ்சினதைத் தருவன். கூப்பிட்டா உடன வாங்க, என்ன?"

"ஓம் மிஸ்" என்றேன்.

29 நவம்பர், சனி

சோறு, பருப்பு. கடைசி ஆள் நான். பருப்பு எனக்கு முன்னாலேயே முடிந்தது.

30 நவம்பர், ஞாயிறு

தண்ணீர் பவுசர் லொறி வந்தது. என்னிடம் பாத்திரம் இல்லை. ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பெண் தன் போத்தல் ஒன்றைத் தந்தாள். நன்றி சொல்லும்போது ஒரு பகிடி விடப் பார்த்தேன், வரவில்லை. தொண்டை காய்ந்திருந்தால் பகிடியும் காய்ந்துவிடும்போல.

சும்மா இருந்து தின்னக் கூசுகிறது. மிஸ்ஸிடம் கேட்டு விறகு பிளந்தேன், அண்டா கழுவினேன். அவர் தங்கமான பெண். ஆனால் எந்த நேரம் கூப்பிடுவார் என்று தெரியாது. "நானா!" என்று சத்தம் கேட்டால் எழும்பி ஓட வேண்டும். ஒரு தரம் ஓடப் பிந்தியதில் சோறு வேறு ஆளுக்குப் போய்விட்டது. அவர் பிழை இல்லை. அதனால் காது எப்போதும் அந்தப் பக்கம். தூக்கத்திலும் அந்தப் பக்கம்.

எங்கள் வகுப்பறையில் நிலோஜன் என்று ஒரு ஓட்டோக்காரன். நல்ல பகிடிக்காரன், என்னை மாதிரி. பின்னேரம் சீட்டு விளையாடுகிற கூட்டத்துக்கு நடுவில் எழும்பி, தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு, தூங்கிக்கொண்டிருக்கிற ஆள் திடுக்கிட்டு எழும்பி "ஓம் மிஸ், ஓம் மிஸ்" என்று இடுப்புச் சாறனைப் பிடித்துக்கொண்டு ஓடுவதை நடித்துக் காட்டினான். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அது நான்தான். நேற்று ராத்திரி வெளியே யாரோ கதவடித்ததற்கு நான் அப்படி ஓடினேனாம்.

நானும் சிரித்தேன். நன்றாகத்தான் செய்தான். என்னைவிட நன்றாகச் செய்தான்.

பிறகு குசினி வாசலில் போய் நின்று சாப்பிட்டேன். நின்றுகொண்டுதான். உட்கார்ந்து இருக்க இடமில்லை என்றில்லை. கூப்பிட்டால் ஓட வேண்டும், அதனால் இருக்க வரவில்லை. அப்போதுதான் —

அவள் குவைத்திலிருந்து வந்த கிழமை ஒரு நாள் சொன்னாள். ஆறு வருசமும் சோறு நின்றுகொண்டுதான் தின்றாளாம். மேடம் கூப்பிடுவார் என்று. வந்த பிறகும் கொஞ்ச நாள் கதிரையில் உட்கார்ந்திருந்தால் சோறு இறங்காதாம். அதைக் கேட்டு நான் என்ன சொன்னேன்? குதிரையும் நின்றுகொண்டுதான் தூங்கும் என்று சொன்னேன். அவளும் சிரித்தாள். சிரித்தாள் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சிரித்தாளா?

நான் மூன்று நாளில் இப்படி ஆகிவிட்டேன். அவளுக்கு ஆறு வருசம். அது பகிடி இல்லடா முனாப். அது பகிடியே இல்ல.

1 டிசம்பர், திங்கள்

காலையில் மழை நின்றது. முகத்துவாரத்தை வெட்டிவிட்டார்களாம், தண்ணீர் இறங்குகிறது. முகாமுக்கு ஜெனரேட்டர் வந்தது. நிலோஜன் தன் போனைக் கழற்றிவிட்டு என் போனைச் சார்ஜில் போட்டுத் தந்தான். பகிடிக்காரர்களை நம்பலாம். போனைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் படுத்துத் தூங்கிவிட்டேன்.

காதுக்குள் சத்தம். எழும்பி நின்றுவிட்டேன். கை தானாகப் போனை எடுத்திருக்கிறது.

"ஓம் மிஸ், இந்தா வாறன்" என்றேன்.

கண்ணைத் துடைத்துப் பார்த்தால் ஸாதியாவின் நம்பர்.

பகிடி ஆயிரம் வாயில் வரும், ஒன்றும் வரவில்லை. அவள் பக்கத்தில் தையல் மெசின் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு கேட்டாள்:

"சாப்பிட்டாச்சா?"

"இன்னும் இல்ல. எல்லாரும் திண்ட புறகுதான் எனக்கு."

"நிண்டுட்டுத்தானே திங்கிறீங்க" என்றாள். கேள்வி மாதிரி இல்லை.

"ஓம்."

மெசின் நின்றது. பிலிஸ் காது கொடுத்திருப்பாள்.

"இஞ்ச பாருங்க, நான் ஆள் அனுப்ப மாட்டன்" என்றாள் ஸாதியா. "வழி தெரியும்தானே." வைத்துவிட்டாள்.

2 டிசம்பர், செவ்வாய்

ஆள் வராமல் போனால் ஊர் என்ன சொல்லும் என்று ராத்திரி யோசித்தேன். ஊர் இப்போது பாயும் சட்டியும் கழுவிக்கொண்டிருக்கிறது, என்னைப் பார்க்க நேரமில்லை என்று விடியும்போது விளங்கியது. வதனி மிஸ்ஸிடம் சொன்னேன். இனி வரிசையில் ஒரு ஆள் குறைவு என்றார். போகும்போது ஒரு பாண் தந்தார். முதல் ஆளாகத் தந்தார்.

கல்லடிப் பாலத்தால் நடந்தேன். பஸ் இல்லை. ரோட்டில் இன்னும் கணுக்கால் தண்ணீர், செருப்பு ஒன்று போய்விட்டது. மற்றதையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். எங்கள் ஒழுங்கைக்குள் வரும்போது ரெண்டு தரம் நின்றேன். மறுப்பதற்கு இல்லை. காலில் முள்.

வீட்டு வாசல் நிறையச் செருப்பு. வாவிக்கரைப் பக்கத்துச் சனம் நாலைந்து குடும்பம் எங்கள் மண்டபத்தில். வளவுக்குள் பெரிய அண்டா. ஸாதியா அகப்பையோடு நிற்கிறாள், முன்னால் வரிசை. அவள் என்னைக் கண்டாள். வரிசையின் கடைசியில் போய் நின்றேன். எனக்கு முன்னால் ஒஸ்வல்ட் நின்றான். "நான் ரெண்டாம் தரம்" என்று காதுக்குள் சொன்னான்.

என் முறை வந்தது. சோற்றுப் பீங்கானை நீட்டினேன்.

"ஸாதியா, அண்டைக்கு நான் சொன்னது —"

"சோறு ஆறுது" என்றாள்.

போட்டாள். நான் சுவர் ஓரம் போய் நின்று ஒரு பிடி வாயில் வைத்தேன். அவள் அகப்பையைப் பிலிஸின் கையில் கொடுத்துவிட்டு, உள்ளே போய், ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சனம் எல்லாம் நிலத்தில் இருக்கிறது, அவள் எனக்கு முன்னால் கதிரையை வைத்தாள்.

"இருந்து தின்னுங்க."

இருந்தேன். சோறு இறங்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

6 டிசம்பர், சனி

தண்ணீர் வடிந்துவிட்டது. கிணறு சேறு. பவுசருக்கு வரிசையில் நிற்பது வீட்டில் என் வேலை. அனுபவம் இருக்கிறது.

14 டிசம்பர், ஞாயிறு

ஒஸ்வல்ட்டும் பிலிஸும் வீடு போய்விட்டார்கள். நான் கடை காயட்டும் என்று இங்கேயே நிற்கிறேன். கடை போன கிழமையே காய்ந்துவிட்டது. ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நேற்று ஆட்கள் வந்து கிணற்றை இறைத்து, சேறு அள்ளி, குளோரின் போட்டார்கள். பகல் முழுக்க எடுத்தது.

இன்று மாப்பிள்ளையின் உம்மா வந்தார், கலியாணத்தை எந்த மாதத்துக்குத் தள்ளுவது என்று பேச. பேசி முடிந்தது. மழை பிடித்துக்கொண்டதால் போக முடியாமல் இருந்தார். இருந்தவர், "சப்னாட வாப்பா, அண்டைக்கு ஒண்டு செய்து காட்டினீங்களே, அதை ஒருக்காச் செய்யுங்க" என்றார். துவாயும் பக்கத்தில்தான் கிடந்தது. ஸாதியா குசினி வாசலில் தேத்தண்ணித் தட்டோடு நின்றாள்.

அது ஞாபகமில்லை என்று சொன்னேன். வேறொன்று இருக்கிறது என்று, நாலு நாள் முகாமில் கிடந்த ஒரு குடைக்காரன் "ஓம் மிஸ்" என்று கதவுச் சத்தத்துக்குச் சாறனோடு ஓடியதைச் செய்து காட்டினேன். நிலோஜன் அளவுக்கு வரவில்லை. அவர் சிரித்தார், சப்னா சிரித்தாள். குசினி வாசலில் கோப்பைகள் தட்டில் கிலுகிலுவென்று ஆடின. ஸாதியா வந்து எல்லாருக்கும் கொடுத்தாள். என்னிடம் வரும்போது தட்டில் ஒரு கோப்பை இருந்தது.

மழை விடவில்லை. மாப்பிள்ளையின் உம்மாவை ஓட்டோ வரை கொண்டுபோய் விட, நான் புதுத்துணி போட்டுத் திருத்திய குடையை எடுத்துக் கிணற்றடியில் வைத்து விரித்தேன். காற்று வந்தது. பிடியும் கம்பியும் என் கையில் இருந்தன. துணி கிணற்றுக்குள் போனது. அவர் நனைந்துகொண்டு ஓட்டோவில் ஏறினார்.

துணி நீலம், அதே சாயத்துணி. நாளைக்குத் திரும்பக் கிணறு இறைக்க வேண்டும்.